விபத்துக்காயச் சிகிச்சைப் பயிற்சியில் வைத்தியர்கள் கற்பதும் மறப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பணியாற்றும் வைத்தியர்களுக்கான விபத்துக்காயச் சிகிச்சைப் பயிற்சிகளில் பயிற்றுநராக நிற்கும் ஒருவரின் பதில்கள் இவை. பயிற்சிக்கு வரவிருப்போரும், அவர்களை அனுப்பிவைக்கும் வைத்தியசாலைப் பொறுப்பாளர்களும், முன்னரே வந்து சான்றிதழ் பெற்றுச் சென்றோரும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். சிகிச்சை முறைகளைக் கற்பிப்பது இதன் நோக்கமன்று. அம்முறைகள் ஒரு வைத்தியரின் மனத்திலும் கையிலும் எவ்வளவு ஏறுகின்றன, எவ்வளவு காலம் தங்குகின்றன என்பதே பேச்சு.

இத்தகைய பயிற்சிகள் எப்படித் தோன்றின?

1976 பெப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க என்புச் சத்திரசிகிச்சை நிபுணர் தாமே ஓட்டிவந்த சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்தின் வயல்வெளியில் வீழ்ந்தது. அவருடைய மனைவி அவ்விடத்திலேயே இறந்துபோனார்; பிள்ளைகள் காயமடைந்தனர். அருகிலிருந்த சிறிய வைத்தியசாலையில் பிள்ளைகளுக்குக் கிடைத்த சிகிச்சையின் குறைபாடுகளை அவர் நோயாளியாகவும் தந்தையாகவும் கண்ணாரக் கண்டார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே ஏ.டி.எல்.எஸ். (விபத்துக்காயத்துக்கான மேம்பட்ட உயிர்காப்பு) எனப்படும் பயிற்சி. முதல் வகுப்பு 1978இல் அதே மாநிலத்தில் நடந்தது. 1980இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரி அதனைத் தனது திட்டமாக ஏற்றுக்கொண்டது. சுவாசப்பாதை, சுவாசம், குருதிச் சுற்றோட்டம், நரம்பியல் நிலை, உடைகளை அகற்றி உடல் முழுவதையும் பார்த்தல் என்ற ஏ, பி, சி, டி, இ ஒழுங்கு, எது முதலில் ஆளைக் கொல்லுமோ அதனை முதலில் கவனி என்ற எளிய எண்ணத்தின் மேல் அமைந்தது.

வசதி குறைந்த நாடுகளுக்கென 1990களின் பிற்பகுதியில் பி.டி.சி. (ஆரம்ப விபத்துக்காயச் சிகிச்சை) என்ற இரண்டு நாட் பயிற்சி உருவாயிற்று. உலக சுகாதார அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவுடனும் அவசர மருத்துவத்துக்கான சர்வதேசக் கூட்டமைப்புடனும் சேர்ந்து அடிப்படை அவசர சிகிச்சைக்கான ஐந்து நாட் பயிற்சியொன்றை 2018இல் வெளியிட்டது. கீழே எழுதியிருப்பவை இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். இவற்றுள் மூத்த பயிற்சி பெரிய நகரத்துக்காகப் பிறந்ததன்று, ஒரு கிராமப்புற வைத்தியசாலையை நினைத்துப் பிறந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் அது தேவைப்படும்.

எங்கள் மாவட்டங்களில் இதற்கு என்ன தனித் தேவை இருக்கிறது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. பெரிய வைத்தியசாலைகள் எழுவான்கரையில். வயல், காடு, யானை, உழவு இயந்திரம் எல்லாம் பெரும்பாலும் படுவான்கரையில். 2014இல் இரு கரைகளையும் இணைக்கும் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது பெரிய ஆறுதலே. ஆயினும் மாரி மழையில் தாழ்நிலப் பாதைகள் மூழ்கும் நாட்களில், காயப்பட்டவர் முதலில் சென்றடைவது ஓரிரு வைத்தியர்கள் மட்டுமே உள்ள பிரதேச வைத்தியசாலையைத்தான். தெற்கே பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்குச் சுமார் 100 கிலோமீற்றர். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை வந்த பிறகு நோயாளி வைத்தியசாலைக்கு வந்துசேரும் விதம் மாறியிருக்கிறது. வந்தபின் முதல் அரை மணி நேரத்தில் நடப்பது இன்னும் அங்கே நிற்கும் வைத்தியரையே பொறுத்தது.

இளம் வைத்தியர் நன்றாகக் கற்பாரா, அனுபவசாலியா?

எழுத்துத் தேர்வை மட்டும் பார்த்தால் பல்கலைக்கழகத்தை விட்டு வந்து அதிக காலம் ஆகாதவர்களுக்குச் சற்று வாய்ப்பு அதிகம். படிக்கும் பழக்கமும் பரீட்சை எழுதும் பழக்கமும் அவர்களிடம் இன்னும் விட்டுப்போகவில்லை. சத்திரசிகிச்சை, மயக்கமருந்து, அவசர சிகிச்சை ஆகிய பிரிவுகளில் வேலை செய்வோருக்குக் கைத்திறன் பகுதிகள் இலகுவாக இருக்கும். ஆனால் நான் கவனித்தவரையில் வயதோ துறையோ தனியே எதையும் தீர்மானிப்பதில்லை. பதினைந்து வருடம் வெளிநோயாளர் பிரிவில் இருந்துவிட்டு வந்து, தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லும் ஒருவர், எல்லாம் தெரிந்த பாவனையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளையவரைவிட நன்றாகக் கற்றுக்கொண்டு போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு வந்த காரணமும் முக்கியம். இடமாற்றத்துக்கோ பதவி உயர்வுக்கோ சான்றிதழ் வேண்டும் என்று வந்தவர் தேர்வுக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்வார். தன் கையில் ஒரு நோயாளியை இழந்துவிட்டு வந்தவர் தேநீர் இடைவேளையிலும் மாதிரிப் பொம்மையின் அருகிலேயே நிற்பார்.

முன்கூட்டியே கைநூலைப் படிக்காமல் வந்தால் என்ன?

படிக்காமல் வருபவர் இரண்டு நாட்களையும் சொற்களைப் புரிந்துகொள்வதிலேயே செலவிடுவார். பயிற்சியின் பயன், ஒருவர் நோயாளியாக நடிக்க மற்றவர்கள் சிகிச்சை செய்து பழகும் நடிப்புக் காட்சிகளிலும் கைத்திறன் நிலையங்களிலும்தான் இருக்கிறது; அவற்றுக்கு வரும்போது அடிப்படை அறிவு தலையில் இருக்க வேண்டும். மனித மனம் ஒரே நேரத்தில் மிகச் சில புதிய விடயங்களையே தாங்கும். ஜோன் சுவெல்லர் 1988இல் முன்வைத்த அறிவாற்றற் சுமைக் கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது: ஒழுங்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருந்தால், மனத்தின் மிச்ச இடம் நோயாளியைப் பார்ப்பதற்குக் கிடைக்கும்.

ஏற்கெனவே அறிந்தது புதிதாகக் கற்பதைத் தடுக்குமா?

ஆம், பலர் நினைப்பதைவிட அதிகமாகத் தடுக்கும். நெஞ்சறையில் காற்று அழுத்தமாகத் திரண்டு நுரையீரலை நெரிக்கும்போது ஊசி ஏற்றுவதற்கு மேல்நெஞ்சில் 2ஆம் விலா இடைவெளி என்பதையே எங்கள் தலைமுறை மனனம் செய்தது. 2018இல் வெளிவந்த ஏ.டி.எல்.எஸ். 10ஆம் பதிப்பு, வளர்ந்தோருக்கு அதனை 4ஆம் அல்லது 5ஆம் விலா இடைவெளியில், கமக்கட்டின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்பாக மாற்றியது. அதேபோல, குருதி அமுக்கம் விழுந்தவருக்கு 2 லீற்றர் சேலைனை ஓடவிடுவது ஒரு காலத்தில் கேள்விக்கு இடமில்லாத செயல். இப்போது 1 லீற்றரோடு நிறுத்தி, தேவையெனில் குருதி ஏற்றுவதற்கு விரைவாகச் செல்லுமாறு கற்பிக்கப்படுகிறது.

புதிய விதியை எழுத்துத் தேர்வில் சரியாக எழுதிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து நடிப்புக் காட்சியில் பழைய இடத்தைத் தடவும் கைகளைப் பார்த்திருக்கிறேன். கைக்குத் தனி நினைவு உண்டு. எனவே அனுபவசாலிகளுக்குக் கற்பிக்கும் பயிற்றுநர், முதலில் அவர்கள் இப்போது எப்படிச் செய்கிறார்கள் என்று செய்துகாட்டச் சொல்ல வேண்டும். பழையதை வெளியே எடுத்து மேசையில் வைக்காமல் புதியதை உள்ளே வைப்பது கடினம். மூத்தவர்களின் தவறை இளையவர்கள் முன்னிலையில் திருத்துவதில் ஒரு பக்குவமும் வேண்டும். அவமானப்பட்டவர் கற்கமாட்டார்.

எப்படிக் கற்பித்தால் கையில் நிற்கும்?

விரிவுரை மிகக் குறைவாகவே நிற்கும். கைத்திறனுக்கு ரொட்னி பேட்டன் வகுத்த நான்கு படிகள் பல பயிற்சிகளில் கையாளப்படுகின்றன: பயிற்றுநர் முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்துகாட்டுவார், பிறகு விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வார், மூன்றாவது முறை கற்பவர் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்வார், நான்காவது முறை கற்பவரே சொல்லிச் செய்வார். மூன்றாம் படியைத்தான் நேரம் போதாதென்று பலர் தாண்டிவிடுகிறார்கள். புரிதல் வெளிப்படும் இடமோ அந்தப் படிதான். ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேர் என்ற அளவை ஏ.டி.எல்.எஸ். கைத்திறன் நிலையங்கள் வலியுறுத்துவதும் இதனாலேயே. எட்டுப் பேர் சூழ்ந்து நின்றால் இருவர் செய்வார்கள், அறுவர் பார்ப்பார்கள்.

நடிப்புக் காட்சி முடிந்தபின் நடக்கும் உரையாடலே உண்மையான பாடம். "நன்றாகச் செய்தீர்கள்" என்ற பாராட்டால் யாரும் எதையும் கற்பதில்லை. "நோயாளி முனகியபோது நீங்கள் கழுத்துப்பட்டியைத் தேடினீர்கள், அந்நேரம் சுவாசப்பாதையைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டால் கற்பவர் தன் எண்ணத்தின் தடத்தைத் தானே பார்ப்பார்.

இரவுக் கடமை முடித்து நேரே பயிற்சிக்கு வரலாமா?

வரவேண்டாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயற்றிறன், குருதியில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குத் தாழ்கிறது என 1997இல் டோசனும் ரீட்டும் காட்டினார்கள். அந்நிலையில் வருபவருக்குக் கதிரை மட்டுமே கிடைக்கும், கல்வி கிடைக்காது. பயிற்சிக்கு விடுவித்த நாளின் முந்திய இரவையும் கடமைப் பட்டியலில் இருந்து நீக்குவது பொறுப்பாளரின் வேலை.

பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கிறது. வேலை தமிழிலும் சிங்களத்திலும் நடக்கிறது. இது கற்றலைப் பாதிக்குமா?

எங்கள் பகுதியில் இது மிகப் பெரிய காரணி என்பது என் முடிவு. வைத்தியர்கள் ஆங்கிலத்தில் படித்தவர்கள் என்பதால் சிக்கல் இல்லை என்று கருதப்படுகிறது. வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் சிக்கல் இல்லைத்தான். ஆனால் நெருக்கடியில் ஒருவர் கட்டளையிடுவது, தனக்கு முன்னால் நிற்பவரின் மொழியில். அம்பாறை மாவட்டத்தில் ஒரே அவசர சிகிச்சைப் பிரிவில் சிங்களம் பேசும் வைத்தியர், தமிழ் பேசும் தாதிய உத்தியோகத்தர், இரண்டும் கலந்து பேசும் சிற்றூழியர் என்று அணி அமைவது வழமை. ஆங்கிலத்தில் மனனம் செய்த ஒழுங்கை அவ்வேளையில் மொழிமாற்றிச் சொல்ல முயலும்போது இரண்டொரு வினாடி தடுமாற்றம் வரும். அந்தத் தடுமாற்றத்தில் அணியினர் வைத்தியருக்குத் தெரியவில்லை என்று எண்ணித் தாமே ஆளுக்கொன்றைச் செய்யத் தொடங்குவார்கள்.

எனவே விரிவுரையும் தேர்வும் ஆங்கிலத்தில் இருந்தாலும், நடிப்புக் காட்சிகளை உங்கள் விடுதியில் பேசும் மொழியிலேயே நடத்துமாறு கேளுங்கள். "தம்பி, கழுத்தை அசைக்காமல் பிடி", "மிஸ், இரண்டு கையிலும் பெரிய கனியூலா" என்று வாயால் சொல்லிப் பழக வேண்டும். கட்டளையைப் பெற்றவர் அதையே திருப்பிச் சொல்வதும், செய்து முடித்தபின் முடித்ததாக அறிவிப்பதும் மொழி கலந்த அணிக்கு இன்னும் அவசியம். நோயாளியிடம் வரலாறு கேட்பதும் அப்படியே. யானை தூக்கி எறிந்ததா, மிதித்ததா, துரத்தும்போது தானே விழுந்தாரா என்ற வேறுபாடு காயத்தின் தன்மையையே மாற்றிவிடும்.

கற்றது எவ்வளவு காலம் நிற்கும்?

மறதியின் வளைகோட்டை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே வரைந்துவிட்டார்: முதலில் செங்குத்தாக விழும், பிறகு மெதுவாகச் சரியும். விபத்துக்காயப் பயிற்சிகளிலும் அதுவே காணப்பட்டிருக்கிறது. ஏ.டி.எல்.எஸ். பெற்ற வைத்தியர்களை ஜமீல் அலியும் அவருடைய குழுவினரும் மீண்டும் மீண்டும் சோதித்தபோது, ஏட்டறிவு ஆறு மாதத்திற்குள்ளேயே கணிசமாகக் குறைந்திருந்தது. எதை முதலில் செய்வது என்ற ஒழுங்குணர்வு அதைவிட நீண்டகாலம் தங்கியிருந்தது. காயமடைந்தோரை அடிக்கடி பார்க்கும் வைத்தியர்கள் மெதுவாகவும், அரிதாகப் பார்ப்போர் விரைவாகவும் மறந்தார்கள்.

ஏ.டி.எல்.எஸ். சான்றிதழ் நான்கு வருடம் செல்லுபடியாகும். நினைவு அவ்வளவு காலம் செல்லுபடியாவதில்லை.

அப்படியானால் சிறிய வைத்தியசாலையில் இருப்பவர் விரைவில் மறந்துவிடுவார் அல்லவா? அவரை ஏன் பயிற்றுவிக்க வேண்டும்?

கேட்கப்படும் கேள்விகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். சில பொறுப்பாளர்கள் இதனைக் கேள்வியாகவன்றி முடிவாகவே சொல்கிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பவருக்குப் பயிற்சி இல்லாவிட்டாலும் அருகில் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கிறார், மயக்கமருந்து நிபுணர் இருக்கிறார், அன்றாடம் நோயாளிகள் வந்து அவருடைய கையைப் பழக்குகிறார்கள். படுவான்கரையின் ஒரு பிரதேச வைத்தியசாலையில் தனியே நிற்பவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் காய்ச்சலும் இருமலும் நீரிழிவும் பார்த்துவிட்டு, ஓர் இரவு அறுவடை இயந்திரத்தில் கால் சிக்கியவரை அவர் எதிர்கொள்கிறார். பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது விரைவாக மறக்கிறது. ஏ.டி.எல்.எஸ். பிறந்ததே இத்தகைய கிராமப்புற வைத்தியசாலையை நினைத்துத்தான் என்பதை மேலே சொன்னேன்; அவரை விட்டுவிடுவது இதற்குப் பரிகாரமாகாது. அவருக்குப் பயிற்சியை வேறு விதமாகப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டு நாளை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு நான்கு வருடம் காத்திருப்பதைவிட, மாதம் ஒருமுறை இருபது நிமிடம் அவருடைய வைத்தியசாலையிலேயே, அவருடைய கட்டிலில், அவருடைய தாதியருடன் ஒரு நடிப்புக் காட்சி நடத்துவது மேல். இடைவெளி விட்டுத் திரும்பச் செய்வதும், நினைவிலிருந்து மீட்டெடுக்கச் செய்வதும் மறுவாசிப்பைவிட வலிமையானவை என்பது 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் செய்த ஆய்வு உட்படப் பலவற்றால் நிறுவப்பட்டிருக்கிறது. பொம்மைக்குப் பணம் இல்லையென்றால் தலையணை போதும், அல்லது ஒரு சிற்றூழியர் படுத்துக்கொண்டால் போதும். நோயாளியாக நடிக்கச் சொன்னால் எங்கள் ஆட்கள் முனகுவதில் காட்டும் திறமை எந்தப் பொம்மைக்கும் வராது.

வருடத்திற்கு ஒரு வாரம் பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் கடமை செய்ய அனுப்புவது இன்னொரு வழி. மூன்றாவது வழி செலவே இல்லாதது, ஆனால் நடப்பதேயில்லை: மாற்றி அனுப்பிய நோயாளிக்கு என்ன நடந்தது என்று அனுப்பியவருக்கு அறிவிப்பது. மண்ணீரல் கிழிந்திருந்தது, நீங்கள் நினைத்தது சரி என்ற ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு நாள் விரிவுரைக்குச் சமம். தவறியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், கடிந்துகொள்ளும் தொனியின்றி. நானே ஒரு சிறிய வைத்தியசாலையில் இருந்த காலத்தில், தொடையென்பு முறிந்தவரென்று அனுப்பியவருக்கு இடுப்பென்பும் உடைந்திருந்ததை எட்டு மாதம் கழித்து, அதுவும் ஒரு திருமண வீட்டுப் பந்தியில், தற்செயலாக அறிந்தேன். அந்த எட்டு மாதமும் அதே தவறைச் செய்துகொண்டிருந்தேனா என்று இன்றுவரை தெரியாது.

தாதிய உத்தியோகத்தர்களையும் சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டுமா?

வேண்டும். காயச் சிகிச்சை தனியாள் வேலையன்று. வைத்தியர் மட்டும் பயிற்சி பெற்றுத் திரும்பினால், அவர் கேட்கும் பொருளின் பெயரும் அவர் செய்யும் ஒழுங்கின் காரணமும் மற்றவர்களுக்குப் புதிராக இருக்கும்; இரண்டு வாரத்தில் அவர் விடுதியின் பழைய வழமைக்கே திரும்பிவிடுவார். மேலும், எங்கள் வைத்தியசாலைகளில் மேலிருப்பவரின் தவறைச் சுட்டும் பழக்கம் அரிது. "சேர், இடப்பக்க நெஞ்சு அசையவில்லை" என்று சொல்லத் தாதி தயங்கும் அறையில் வைத்தியர் எவ்வளவு கற்றிருந்தும் பயன் குறைவே. அந்தச் சொல்லை எதிர்பார்க்கவும் ஏற்கவும் வைத்தியரும், சொல்லத் தாதியும் ஒரே அறையில் பழக வேண்டும்.

2019 ஏப்ரல் 21 அன்று சியோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் காயமடைந்தவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டார்கள். அத்தகைய ஒரு நாளில் எவரும் கைநூலைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்து பழகியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தே வேலையைப் பிரித்துக்கொள்வார்கள்.

பயிற்சியில் காட்டிய உபகரணங்கள் எங்களிடம் இல்லையே?

இல்லாத உபகரணத்தில் பெற்ற திறன் விரைவில் உதிர்ந்துவிடும். பதிவு செய்யும்போதே உங்கள் வைத்தியசாலையில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பயிற்றுநரிடம் கொடுங்கள். நல்ல பயிற்றுநர் அதற்கேற்பக் காட்சியை மாற்றுவார். சிடி ஸ்கேன் இல்லாத இடத்திலிருந்து வருபவருக்கு ஸ்கேன் படத்தைப் படிக்கக் கற்பிப்பதைவிட, எந்த நோயாளியை எப்போது, என்ன செய்துவிட்டு மாற்றி அனுப்புவது என்று கற்பிப்பது பயனுள்ளது. அதேவேளை விலை குறைந்த பொருள்கள் அலட்சியத்தால் இல்லாமற்போவதும் உண்டு. குருதிப்பெருக்கைக் கட்டுப்படுத்தும் டிரனெக்சாமிக் அமிலம் காயம் ஏற்பட்டு மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால் பயன் தரும் என்பதை 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வும் 2011இல் வந்த அதன் தொடர் பகுப்பாய்வும் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளில் காட்டின. மருந்து அவசர வண்டியில் இல்லாமல் பூட்டிய அலுமாரியில் இருந்தால், அந்த அறிவு தேர்வுத்தாளோடு முடிந்துவிடும்.

தேர்வில் நல்ல புள்ளி பெற்றால் திறமை வந்துவிட்டது என்று கொள்ளலாமா?

ஜோர்ஜ் மில்லர் 1990இல் மருத்துவத் திறனின் மதிப்பீட்டை ஒரு கூம்பகமாக வகுத்தார்: அறிந்திருத்தல், எப்படி என்று அறிந்திருத்தல், செய்துகாட்டுதல், உண்மையில் செய்தல். எழுத்துத் தேர்வு கீழிரண்டு படிகளையும், நடிப்புக் காட்சி மூன்றாம் படியையும் அளக்கின்றன. நான்காம் படியை உங்கள் விடுதியில்தான் அளக்க முடியும். பயிற்சிக்குப் பின் தன்னம்பிக்கை நிச்சயமாக உயரும். வைத்தியர்கள் தம்மைத் தாமே மதிப்பிடுவது பிறர் மதிப்பீட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை என்று 2006இல் வெளியான ஒரு திறனாய்வு காட்டியிருப்பதால், அந்த உயர்வைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

இதனால் நோயாளிகள் அதிகமாகப் பிழைக்கிறார்களா?

ட்ரினிடாட் டொபாகோவில் 1986இல் ஏ.டி.எல்.எஸ். அறிமுகமான பிறகு, மிகக் கடுமையாகக் காயமடைந்தோரின் இறப்பு வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 1993இல் வெளியான கட்டுரை கூறுகிறது. அது முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு; இடைப்பட்ட காலத்தில் வேறு பலவும் மாறியிருக்கலாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் திறனாய்வு, இப்பயிற்சிகள் அறிவைக் கூட்டுகின்றன என்பதற்குச் சான்று உண்டு, உயிர்களைக் காக்கின்றன என்பதற்குக் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுச் சான்று இல்லை என்றே முடிவு செய்தது. பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு, குருதி வங்கி, மாற்றி அனுப்பும் ஒழுங்கு, அணி ஆகியவற்றைத் தொடாமல் விட்டால் பலன் தெரியாமற்போவதில் வியப்பில்லை. அவற்றோடு சேர்த்தே பயிற்சியை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

பயிற்சி முடிந்து திரும்பிய முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

அன்று காலையே உங்கள் அவசர வண்டியைத் தாதிய உத்தியோகத்தருடன் சேர்ந்து திறந்து, ஒழுங்கின் ஒவ்வொரு எழுத்துக்கும் வேண்டிய பொருள் இருக்கிறதா என்று பாருங்கள்: உறிஞ்சும் கருவி இயங்குகிறதா, குரல்வளை காட்டியின் மின்குமிழ் எரிகிறதா, ஒட்சிசன் உருளையில் எவ்வளவு மீதமிருக்கிறது, பெரிய கனியூலாக்கள் எங்கே. அடுத்த மூன்று மாதங்களுக்கான இருபது நிமிடக் காட்சிகளின் திகதிகளைக் கடமைப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்; முதலாவதை ஒரு இரவுக் கடமையில் வையுங்கள், ஏனென்றால் ஆட்கள் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். நீங்கள் வழமையாக நோயாளிகளை மாற்றி அனுப்பும் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவை அழைத்து, கடைசியாக அனுப்பியவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.